பாத்வெல் கோட்டையும் அதன் உடையவர்களும்

ஸ்காட்லாந்தின் பெருநகராகிய கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே, 10 கல் தொலைவிற்குள், கிளைடு ஆறு வளைந்து செல்லும் ஓரிடம் உண்டு. ஆற்றின் வலக்கரை அங்கே செங்குத்தாக உயர்ந்து நிற்கும். அந்தக் கரையின் மேல் செந்நிற மணற்கல்லால் கட்டப்பெற்ற ஒரு பழங்கோட்டை இன்றும் காட்சி தருகின்றது. பாத்வெல் கோட்டை என்பது அதன் பெயர். இடைக்காலத்து ஸ்காட்லாந்தில் மதச்சார்பற்ற கட்டடங்களுள் இதற்கு ஈடாகச் சிலவற்றையே கூற முடியும் என்பர் கட்டடக்கலை அறிந்தோர். ஆனால் இக்கோட்டையைக் காணச் செல்வோர் முதலில் வியப்பது அதன் பெருமையைக் கண்டன்று. அதன் குறையைக் கண்டே. கோட்டையின் தலைமைக் கோபுரம் பாதியளவே நிற்கின்றது. ஒரு பெரிய மரக்காலை மேலிருந்து கீழாகப் பிளந்து ஒரு பாதியை எடுத்துவிட்டால் எஞ்சியது எவ்வாறு நிற்குமோ அவ்வாறு அது நிற்கின்றது. மற்றொரு பாதி ஆற்றில் வீழ்ந்துவிட்டது.

அதை வீழ்த்தியவர் பகைவர் அல்லர், அக்கோட்டைக்கு உரியவரே. உரியவர் ஏன் அவ்வாறு செய்தார், அதன் பின் அக்கோட்டை யார் யார் கையில் எவ்வெவ்வாறு சென்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நேயர்களுள் மாணவர் பலர் இருப்பீர்கள். அரசர்களின் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு, அதன் கதவைத் திறக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டே சென்றால், ஒரு நாட்டின் வரலாற்றில் பெரும்பகுதி தானே விளங்கக் காண்போம்.

பாத்வெல் என்னும் நிலப்பகுதி பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒலிபர்டு என்னும் குடியினரிடம் இருந்தது. அக்குடியின் கடைசி ஆண்மகனாகிய வால்ட்டர் ஒலிபர்டு 1242-ஆம் ஆண்டில் இறந்தார். மணவுறவின் வழியாக அந்நிலம் வால்ட்டர் மரே என்பவருக்கு வந்தது. மரே குடியினர் வடக்கே மரே என்னும் நாட்டுப்பகுதியில் வேரூன்றியவர்கள். அதற்கும் முன்னே பிளெமிஷ் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். செல்வமும் செல்வாக்கும் மிக்கவர்கள். வால்ட்டரோ, அவருக்குப்பின் வந்த வில்லியம் மரேயோ இக்கோட்டையின் கட்டுமானத்தைத் தொடங்கினர். வில்லியத்திற்குச் 'செல்வர்' என்றே ஓர் அடைமொழி வழங்கியது. கோட்டையின் அடித்தளத்தைக் கண்டவர்க்கு அந்த அடைமொழி பொருத்தமானதே என்று தோன்றும்.

இக்கோட்டையின் தலைமைக் கோபுரத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். அது வட்ட வடிவானது. குறுக்களவு 65 அடி. உயரம் 80 அடிக்கு மேல். சுவரின் தடிப்பு 15 அடி. சுவரின் தடிப்பிற்குள்ளேயே ஒருவர் தம் வீட்டைக் கட்டிக்கொள்ளலாம் போலும்! வெளியே வட்டமாயினும் உள்ளே எட்டுப்பட்டையாக அமைந்த அறைகள். நடுவே ஒரு பெரிய மரத்தூண் நின்று மேல்தளங்களைத் தாங்கியது. கீழ்த்தளத்தில் பண்டகசாலையும் ஒரு கிணறும் இருந்தன. அதற்குமேல் கோட்டைத் தலைவரின் கூடம். அதற்கும் மேலே காவலர் தங்கும் தளமும், உச்சியில் தலைவரின் தனியறையும் அமைந்திருந்தன.

கோட்டைக்குள் இருக்கும் இக்கோபுரத்திற்குக் கோட்டை முற்றத்தை நோக்கியும் ஓர் அகழி வெட்டியிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. வெளி மதிலைப் பகைவர் பிடித்துவிட்டாலும், முற்றம் முழுதும் அவர்கள் வசமாகிவிட்டாலும், கோபுரத்தின் தூக்குப்பாலத்தை உயர்த்திவிட்டு உள்ளே இருப்போர் தனித்து நின்று போரிடலாம். கோபுர வாயிலுக்கு முன் பறவையின் அலகு போல் கூர்மையாக ஒரு கற்கட்டு நீட்டிக்கொண்டிருக்கும். வாயிலைக் கடந்தவுடனே நேராக உள்ளே சென்றுவிட முடியாது; வழி ஒரு பக்கமாகத் திரும்பும். வாயிலைத் தகர்த்து ஓடி வருபவன் அத்திருப்பத்தில் தன் வேகத்தை இழப்பான். கோட்டை கட்டியவர்கள் கல்லை மட்டும் அடுக்கவில்லை. தம்மைத் தாக்க வருபவன் எந்தக் காலை முன்வைப்பான் என்பது வரையில் எண்ணிப் பார்த்தே அடுக்கியிருக்கிறார்கள்.

இத்தகைய கோபுரத்தின் எண்ணம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? பிரான்சு நாட்டின் வடபகுதியில் கூசி என்னும் இடத்தில் மூன்றாம் ஆங்கெராண்டு என்னும் பிரபு 1220-களில் ஒரு மாபெரும் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். அதன் வட்டக்கோபுரம் 180 அடி உயரமுடையது, ஐரோப்பாவிலேயே பெரியது. அந்தப் பிரபுவின் மகள் மேரி, 1239-இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்கு மனைவியானாள். அரசியின் பிறந்தகத்துக் கோட்டையின் புகழ் அவளுடன் கடல் கடந்து வந்திருத்தல் இயல்பே. பாத்வெல் கோபுரம் கூசிக் கோபுரத்தின் சாயலில் அமைந்தது என்று அறிஞர் கூறுவதற்கு இந்த உறவும் ஒரு காரணம். கூசிக் கோபுரமும் இன்று இல்லை. முதல் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை 1917-இல் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. பெரியதும் சிறியதும் ஒரே வகையான முடிவையே கண்டன.

மரே குடியினர் எண்ணிய கோட்டை இன்று நாம் காணும் கோட்டையினும் மிகப் பெரியது. வடக்குப் பக்கத்துப் புல்வெளியில் இரட்டைக் கோபுரத் தலைவாயிலின் அடித்தளமும், மதிலின் அடித்தளமும், வட்டக் கொத்தளங்களின் அடித்தளமும் இன்றும் தரைமட்டத்தில் தெரிகின்றன. தரைக்கு மேல் அவை எழவே இல்லை. தலைமைக் கோபுரம் முடிந்தது. அதையடுத்துத் தெற்கே சிறைக்கோபுரம் என வழங்கும் ஒரு சிறு கோபுரமும், ஒரு திட்டிவாயிலும், இடையே இணைக்கும் மதிலும் முடிந்தன. அவ்வளவுடன் வேலை நின்றுவிட்டது. 1296-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு படையெடுத்து வந்தார்.

அதன்பின் 41 ஆண்டுகளில் இக்கோட்டை ஆறு முறை கைமாறியது. 1296-இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1298-இல் ஸ்காட்லாந்தியர் முற்றுகையிட்டு, ஓர் ஆண்டிற்கு மேல் சூழ்ந்திருந்து, உள்ளிருந்த காவற்படையைப் பட்டினியால் வாட்டி, 1299-இல் மீட்டனர். முடிவுறாத மதிலை உடைய கோட்டைக்குள் ஸ்டீபன் பிராம்டன் என்னும் ஆங்கிலத் தளபதி இத்துணை நாள் தாங்கி நின்றார் என்றால், அந்த ஒற்றைக் கோபுரத்தின் வன்மை எத்தகையது என்பதை உணரலாம்.

1301-இல் எட்வர்டு அரசர் மீண்டும் வந்தார். இம்முறை அவருடன் வந்த படையினர் 6,800 பேர். கோட்டை கைக்கு வருமுன்பே, ஆகஸ்டுத் திங்களிலேயே, அதை எய்மர் தெ வாலென்ஸ் என்னும் தம் பிரபுவிற்கு அரசர் உரிமையாக்கி எழுதிக் கொடுத்துவிட்டார். பிறர் வீட்டைத் தானம் செய்வது எளிது. வீட்டுக்குள் இருப்பவரை வெளியேற்றுவதுதான் அரிது. அதற்காகக் கிளாஸ்கோ நகரில் மரத்தால் ஒரு பெரிய முற்றுகைக் கோபுரம் செய்யப்பெற்றது. பகுதி பகுதியாகக் கழற்றப்பெற்ற அக்கோபுரத்தைப் பாத்வெல்லுக்குக் கொண்டுசெல்ல 30 வண்டிகளும் இரண்டு நாட்களும் வேண்டியிருந்தன. மதிலின் உயரத்திற்கு நிகராக நிற்கும் அம்மரக்கோபுரத்தை மதிலை ஒட்டித் தள்ளி நிறுத்திவிட்டால், படைவீரர் அதன் உச்சியிலிருந்து பாலம் போட்டு மதிலின்மேல் இறங்கலாம். செப்டம்பர் முடிவதற்குள் கோட்டை வீழ்ந்தது. ஸ்காட்லாந்தியருக்கு ஓர் ஆண்டிற்கு மேல் ஆன செயலை, பொருளும் தச்சரும் மிகுதியாக உடைய அரசர் ஒரு திங்களுக்குள் முடித்துவிட்டார். இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நிகழ்ந்ததை விளக்குவது இதுவே.

எய்மர் தெ வாலென்ஸ் ஸ்காட்லாந்தின் ஆங்கில ஆட்சிக்குத் தலைவராக விளங்கியபோது பாத்வெல்லே அவருக்கு உறைவிடமாக இருந்தது. 13 ஆண்டுகள் கழிந்தன. 1314-ஆம் ஆண்டு சூன் திங்களில் பானக்பர்ன் களத்தில் இராபர்ட் புரூஸ் அரசர் ஆங்கிலப் பெரும்படையை முறியடித்தார். தப்பி ஓடிய ஆங்கிலப் பிரபுக்கள் பலர் பாத்வெல் கோட்டையை நாடி வந்தனர். அவர்களுள் ஹெரிபோர்டு ஏர்லும் ஒருவர். கோட்டைக்குக் காவலராக இருந்தவர் வால்ட்டர் பிட்ஸ் கில்பர்ட் என்னும் ஸ்காட்லாந்தியர். அதுகாறும் ஆங்கிலேயர் பக்கம் உறுதியாக நின்ற அவர், அடைக்கலம் புகுந்தோரை உள்ளே ஏற்றுக்கொண்டார். பின்னர், அரசரின் தம்பி எட்வர்டு புரூஸ் வந்து நின்றபோது, கோட்டையையும் அதில் புகுந்தோரையும் ஒருசேர ஒப்படைத்துவிட்டார்.

அடைக்கலம் புகுந்தவரைக் காட்டிக்கொடுத்த செயல் என்று இதனைக் கூறுவோர் உண்டு. தாய்நாட்டின் பக்கம் திரும்பிய செயல் என்று கூறுவோரும் உண்டு. காற்றின் திசை மாறியதை அறிந்த செயல் என்பதே என் எண்ணம். எவ்வாறாயினும் அதன் பயன் பெரிது. ஹெரிபோர்டு ஏர்லை விடுவிப்பதற்கு ஈடாக, இங்கிலாந்தில் எட்டு ஆண்டுகளாகச் சிறைப்பட்டிருந்த புரூஸ் அரசரின் மனைவி எலிசபெத்து, மகள் மார்ஜரி, தங்கை கிறிஸ்டினா, கிளாஸ்கோ ஆயர் இராபர்ட் விஷார்ட் ஆகியோர் விடுதலை பெற்றனர். ஒரே ஒரு மனிதருக்கு ஈடாக ஓர் அரச குடும்பமே மீண்டது. காவலர் வால்ட்டருக்கும் பரிசு கிடைத்தது: அண்மையிலேயே கேட்சோ என்னும் நிலம். அவர் வழியினரே பிற்காலத்தில் ஹாமில்டன் என்னும் பெருங்குடியாக விளங்கினர். கேட்சோவின் பெயரும் ஹாமில்டன் என்று மாறியது. இக்குடியின் பெயரைப் பின்னும் ஒருமுறை கேட்போம்.

விடுதலை பெற்ற கிறிஸ்டினாவை 1326-இல் மணந்தவர் ஆண்ட்ரூ மரே; பாத்வெல்லுக்கு உரிமையுடைய மரே குடியின் தலைவர். அவருடைய பிறப்பே ஒரு துயரக் கதை. அவருடைய தந்தையின் பெயரும் ஆண்ட்ரூ மரே. 1297-இல் வில்லியம் வாலஸுடன் தோளோடு தோள் நின்று ஸ்டர்லிங் பாலத்தில் ஆங்கிலப் படையை வென்றவர் அவர். அப்போரில் பட்ட புண்ணால் இறந்தார். மகன் பிறந்தது தந்தை இறந்தபின். கோட்டையைக் கட்டிய வில்லியம் மரே, அந்தத் தந்தையின் தந்தைக்கு உடன்பிறந்தவர். வில்லியமும் இறந்துவிட, குழந்தையாகிய ஆண்ட்ரூவே அவ்வளவு உடைமைக்கும் உரியவரானார். ஆனால் பிறந்த நாள் தொட்டு அந்த உடைமையில் பெரும்பகுதி பகைவர் கையிலோ போரின் நடுவிலோ இருந்தது.

புரூஸ் அரசர் 1329-இல் இறந்தபின் ஆங்கிலப் படையெடுப்பு மீண்டும் தொடங்கியது. இளம் அரசர் தாவீது பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். நாட்டைக் காக்கும் பொறுப்பு ஆண்ட்ரூ மரேயிடம் வந்தது. 1335-இல் அவர் மனைவி கிறிஸ்டினா வடக்கே கில்டிரம்மி என்னும் கோட்டையில் பகைவரின் முற்றுகையைத் தாங்கி நின்றாள். மரே விரைந்து சென்று குல்பிளீன் என்னும் இடத்தில் முற்றுகையிட்டோரை முறியடித்தார். வாழ்நாளில் எட்டாண்டு சிறையிலிருந்த ஒரு பெண், முதுமையை எட்டும் காலத்தில் கோட்டைக்குத் தலைமை தாங்கிப் போரிட்டாள் என்பது பாடநூல்களில் இடம்பெறத் தக்க செய்தி. ஆயினும் பெரும்பாலும் ஒரு வரியில் அடங்கிவிடுகின்றது.

1336-இல் மூன்றாம் எட்வர்டு அரசர் பாத்வெல்லுக்கு வந்தார். பழுதுற்றுக் கிடந்த கோட்டையைப் புதுக்கி, அந்த ஆண்டின் இறுதியில் சில கிழமைகள் அங்கேயே தங்கியிருந்து அரசாணைகளை விடுத்தார். அவர் திரும்பிச் சென்ற சில திங்களில், 1337 மார்ச்சில், ஆண்ட்ரூ மரே கோட்டையைத் தாக்கினார். பௌஸ்டூர் என்று பெயர்பெற்ற ஒரு கல்லெறி பொறியை அவர் கொண்டுவந்திருந்தார். கோட்டை வீழ்ந்தது. தம் முன்னோர் கட்டிய கோட்டைக்குள், அதற்கு முழு உரிமையுடையவராக ஆண்ட்ரூ மரே நுழைந்தார். நுழைந்தவர் கோபுரத்தின் மேற்குப் பாதியைத் தகர்த்து ஆற்றில் வீழ்த்துமாறு பணித்தார்.

வீட்டைத் தன் கையாலேயே இடிப்பது போன்ற இச்செயல் சினத்தால் விளைந்ததன்று. பாத்வெல்லை ஸ்காட்லாந்தியர் காக்க வேண்டுமாயின், உள்ளே ஒரு நிலையான படையும் அதற்கு உணவும் வேண்டும். போரால் பாழான நாட்டில் அவை இல்லை. காத்தாலும், இங்கிலாந்து அரசர் பெரும் பொறிகளுடன் வந்துவிட்டால் ஒரு திங்களில் கோட்டை போய்விடும். 1301-இல் கண்டது அதுதானே? போய்விட்டால், அதே வன்மை பகைவருக்குத் துணையாகும். அவர்களைப் பட்டினியால் வாட்டி வெளியேற்ற மறுபடியும் ஓர் ஆண்டு ஆகும். மதில் யாரை உள்ளே வைத்திருக்கின்றதோ அவரையே காக்கும். அதற்கு நண்பர் பகைவர் தெரியாது. எனவே படை சிறியதாகவும் நாடு பெரியதாகவும் உள்ளவர்க்குக் கோட்டையினும் காடும் மலையும் நல்ல அரண்கள் என்பது புரூஸ் அரசர் தம் மக்களுக்குக் காட்டிய வழி. எடின்பரோ கோட்டையையும் ராக்ஸ்பரோ கோட்டையையும் அவர் மீட்டவுடனே இடித்தார். அவர் தங்கையை மணந்த மரே, அவ்வழியையே தம் சொந்த வீட்டிலும் கடைப்பிடித்தார். அரசருடைய கோட்டையை அரசர் இடிப்பது வேறு. தனி ஒருவர் தம் குடியின் பெருமைக்கெல்லாம் சான்றாக நின்றதை இடிப்பது வேறு. மறு ஆண்டிலேயே, 1338-இல், ஆண்ட்ரூ மரே இறந்தார். அக்கோபுரம் மீண்டும் முழுமையாக எழுந்ததை அவரும் காணவில்லை. பிறர் எவரும் காணவில்லை.

கோட்டை 25 ஆண்டுகள் பாழாய்க் கிடந்தது. மரே குடியில் எஞ்சிய தாமஸ் மரே, அரசரின் மீட்புப் பணத்திற்குப் பிணையாளாக இங்கிலாந்து சென்று 1361-இல் அங்கேயே இறந்தார். அவருடைய கைம்பெண்ணாகிய ஜோவன்னாவிடம் பாத்வெல் உரிமை இருந்தது. 1362-இல் அவளை மணந்தவர் ஆர்ச்சிபால்டு டக்ளஸ். இவர் புரூஸ் அரசரின் உற்ற தோழராகிய ஜேம்ஸ் டக்ளஸின் மகன்; முறைப்படி மணவாத தாய்க்குப் பிறந்தவர். 'கடுமுகத்தார்' என்பது இவருக்கு வழங்கிய பெயர். வாளாலும் பொறியாலும் ஆறு முறை கைமாறிய கோட்டை இம்முறை ஒரு திருமணத்தால் கைமாறியது. இடைக்காலத்தில் நிலவுரிமைக்குப் பெண் ஒரு வழியாக மட்டுமே கருதப்பட்டாள். அவள் விருப்பம் என்ன என்பதை ஆவணம் எதுவும் பதிவு செய்வதில்லை.

ஆர்ச்சிபால்டு டக்ளஸ் கட்டுவதில் விருப்பமுடையவர். மரே குடியினர் வகுத்த பெருந்திட்டத்தை அவர் கைவிட்டார். வடக்கே இருந்த அடித்தளங்களை அப்படியே வெளியே விட்டுவிட்டு, ஏறத்தாழப் பாதி இடத்தை மட்டும் மதிலால் வளைத்தார். பிளந்து நின்ற வட்டக்கோபுரத்தின் வாய்ப்புறத்தை ஒரு நேர்ச்சுவரால் அடைத்தார். அரைவட்டமே ஓர் உறைவிடமாயிற்று. வடகிழக்கு மூலையில் சதுரமான ஒரு புதிய பெருங்கோபுரத்தை எழுப்பினார். பாத்வெல் ஊரில் 1398-இல் ஒரு குருமார் கழகத் திருக்கோவிலையும் நிறுவினார். 1400-இல் அத்திருக்கோவிலில் அவருடைய மகள் ஸ்காட்லாந்தின் பட்டத்து இளவரசரை மணந்தாள் என்றால், அக்குடியின் உயர்வுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அவர் மகன் நான்காம் ஏர்ல், 1424-இல் பிரான்சில் வெர்னோய் களத்தில் இறப்பதற்குள், கோட்டைக்கு இன்றைய உருவை அளித்தார். கீழே வளைவுக்கூரையுடைய பண்டகசாலைகள், அவற்றின்மேல் நீண்ட பெருங்கூடம், கூடத்தின் சுவரில் உயரத்தில் வரிசையாக அமைந்த பலகணிகள், தெற்கே வழிபாட்டறை, தென்கிழக்கு மூலையில் ஒரு வட்டக்கோபுரம். மரே காலத்துக் கட்டடத்தையும் டக்ளஸ் காலத்துக் கட்டடத்தையும் ஒருங்கே பார்ப்பவர்க்கு ஒன்று புலனாகும். முன்னவர்கள் முற்றுகையை எண்ணிக் கட்டினார்கள். சுவரில் துளையே அரிது. பின்னவர்கள் விருந்தை எண்ணிக் கட்டினார்கள். ஒளி தாராளமாக உள்ளே வருகின்றது. அச்சம் குறைந்ததா, செருக்கு மிகுந்ததா என்று வினவினால் இரண்டும் என்றே விடை கூற வேண்டும்.

அந்தச் செருக்கே அக்குடியை அழித்தது. டக்ளஸ் குடியினரின் ஆற்றல் அரசரையே அச்சுறுத்தியது. 1440-இல் பதினாறு வயதளவினரான ஆறாம் ஏர்லும் அவர் தம்பியும் எடின்பரோ கோட்டைக்கு அழைக்கப்பெற்று அங்கே கொல்லப்பட்டனர். அக்காலத்தில் அமைச்சராக இருந்தவர் வில்லியம் கிரைட்டன். 1452-இல் இரண்டாம் ஜேம்ஸ் அரசர் எட்டாம் ஏர்லை ஸ்டர்லிங் கோட்டையில் தம் கையாலேயே குத்திக் கொன்றார். 1455-இல் டக்ளஸ் உடைமைகள் யாவும் பறிமுதல் செய்யப்பட்டன. பாத்வெல் கோட்டை யாருக்குச் சென்றது? கிரைட்டன் குடிக்கே.

அவர்களிடமும் அது நிலைக்கவில்லை. 1480-களில் அவர்கள் அரசத் துரோகக் குற்றத்திற்கு ஆளாகி இழந்தனர். அடுத்து அது மூன்றாம் ஜேம்ஸ் அரசரின் அன்புக்குரிய இளைஞராகிய ஜான் ராம்சேக்குச் சென்றது. இந்த ராம்சேயின் வரலாறு விந்தையானது. 1482-இல் லாடர் பாலத்தருகே, அரசரைச் சுற்றியிருந்த தகுதியற்றோர் என்று கூறிப் பிரபுக்கள் பலரைத் தூக்கிலிட்டபோது, இளமை கருதி உயிர் பிழைக்க விடப்பட்டவர் இவர். அத்தூக்குக்குத் தலைமை தாங்கியவர் ஆங்கஸ் ஏர்லாகிய மற்றோர் ஆர்ச்சிபால்டு டக்ளஸ். டக்ளஸ் குடியின் இளைய கிளையினர். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கலங்கிய கதையை நாம் அறிவோம். அக்கதையை ஒருவர் அவ்வவையில் எடுத்துரைத்தபோது 'நான் கட்டுவேன்' என்று இவர் எழுந்தார் என்பது மரபுவழிச் செய்தி. அதனால் 'பூனைக்கு மணி கட்டியவர்' என்றே இவருக்குப் பெயர் வழங்கலாயிற்று.

1488-இல் மூன்றாம் ஜேம்ஸ் அரசர் உள்நாட்டுப் போரில் கொல்லப்பட, ராம்சே பாத்வெல்லை இழந்தார். வென்ற பக்கத்தில் நின்ற பாட்ரிக் ஹெப்பர்ன் அதைப் பெற்றதோடு பாத்வெல் ஏர்ல் என்னும் பட்டத்தையும் பெற்றார். நான்கே ஆண்டுகள் சென்றன. எல்லைப்புறத்தில் ஹெர்மிடேஜ் என்னும் வலிய கோட்டை மேற்சொன்ன ஆங்கஸ் ஏர்லின் கையில் இருந்தது. அவர் இங்கிலாந்துடன் மறைவில் உறவாடுகிறார் என்பதை நான்காம் ஜேம்ஸ் அரசர் அறிந்தார். பகைநாட்டின் வாயிலில் அவரை வைத்திருக்க விரும்பாத அரசர் 1492-இல் ஒரு மாற்று ஏற்பாட்டைச் செய்தார். ஹெப்பர்ன் ஹெர்மிடேஜைப் பெற்றார். ஆங்கஸ் ஏர்ல் பாத்வெல்லைப் பெற்றார். அன்று தூக்குக்குத் தப்பிய இளைஞனின் கோட்டை, அவனைத் தூக்கிலிட வந்தவரிடம் இவ்வாறு போய்ச் சேர்ந்தது.

மாணவர்கள் இங்கே ஓர் ஐயம் நீங்கப் பெறலாம். ஸ்காட்லாந்து அரசி மேரியை 1567-இல் மணந்து அவளுடைய வீழ்ச்சிக்குக் காரணமான பாத்வெல் ஏர்லைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவர் பாட்ரிக் ஹெப்பர்னின் கொள்ளுப்பேரர். பாத்வெல் என்பது அவருக்குப் பட்டம் மட்டுமே. கோட்டை அவர் குடியைவிட்டு நீங்கி 75 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1566-இல் அவர் புண்பட்டுக் கிடந்தபோது அரசி நெடுந்தொலைவு குதிரையேறிச் சென்று கண்டது, அந்த மாற்றில் கிடைத்த ஹெர்மிடேஜ் கோட்டையிலேதான்.

ஆங்கஸ் கிளையினரின் கையில் கோட்டை அமைதியாக மூப்படைந்தது. பீரங்கிகள் பெருகிய காலத்தில் மதிலுக்கு மதிப்பில்லை. பலகணி மிகுந்த மாளிகைக்கே மதிப்பு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்குடியைச் சேர்ந்த போர்பர் ஏர்ல், கோட்டைக்கு அருகே பாத்வெல் மாளிகையைக் கட்டினார். அதற்குக் கல் வேண்டியிருந்தது. கடுமுகத்தார் எழுப்பிய வடகிழக்குக் கோபுரத்தைப் பிரித்துக் கற்களை எடுத்துக்கொண்டார். ஆண்ட்ரூ மரே நாட்டுக்காக இடித்தார். போர்பர் ஏர்ல் வசதிக்காக இடித்தார். உரியவரே இடித்தார் என்ற அளவில் மட்டும் இருவரும் ஒப்பாவர்.

அவர் மகன் 1715-இல் ஷெரிப்மூர் போரில் பட்ட புண்களால் மகப்பேறின்றி இறக்க, உடைமை டக்ளஸ் கோமகனுக்குச் சென்றது. கோமகனும் 1761-இல் பிள்ளையின்றி இறந்தார். உடனே எழுந்தது ஐரோப்பா முழுதும் பேசிய ஒரு வழக்கு. கோமகனின் தங்கை ஜேன் டக்ளஸ், தம் ஐம்பதாம் வயதில், 1748-இல் பாரிசில் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றதாக அறிவித்திருந்தார். அவர்களுள் எஞ்சியிருந்த ஆர்ச்சிபால்டே வாரிசு என்றனர் ஒரு சாரார். அப்பிள்ளைகள் பாரிசில் ஏழைகளிடமிருந்து பெற்று வந்தவர்கள் என்றனர் எதிர்சாரார். எதிர்வழக்காடியவர் ஹாமில்டன் கோமகன். 1314-இல் பாத்வெல் கோட்டையை ஒப்படைத்த காவலர் வால்ட்டரின் குடியில் பெண்வழியாக வந்தவர். 1767-இல் எடின்பரோ நீதிமன்றத்தில் நீதிபதிகள் எழுவர் இப்பக்கமும் எழுவர் அப்பக்கமும் நின்றனர். தலைமை நீதிபதியின் வாக்கால் ஹாமில்டன் பக்கம் வென்றது. 1769-இல் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றி ஆர்ச்சிபால்டுக்கே உரிமை உண்டு என்றது. 450 ஆண்டுகளுக்கு முன் சாவியை ஒப்படைத்தவரின் வழியினர் அதை மீண்டும் பெறும் வாய்ப்பு ஒரு பேறுகாலத்தின் உண்மையைப் பொறுத்து நின்றது!

வென்ற ஆர்ச்சிபால்டு பாத்வெல் மாளிகையிலேயே வாழ்ந்தார். கோட்டையின் இடிபாடு அவருடைய தோட்டத்திற்கு ஓர் அணியாக அமைந்தது. ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வர்த்தும் அவர் தங்கை தோரதியும் 1803-இல் இங்கு வந்து கண்டனர். வால்ட்டர் ஸ்காட்டும் வந்து தங்கியதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடைமை மகள்வழியாக ஹோம் ஏர்ல்களின் குடிக்குச் சென்றது. அதே காலத்தில் லனார்க் நாட்டின் மண்ணுக்கடியில் நிலக்கரி தோண்டும் தொழில் ஓங்கி வளர்ந்தது. சுரங்கங்கள் பரவப் பரவ மேலே நிலம் அமிழ்ந்தது. கோட்டையின் கற்களால் கட்டப்பெற்ற பாத்வெல் மாளிகை, இருக்கத் தகாததாகி, 1926-இல் இடிக்கப்பட்டது. மாளிகைக்காகக் கற்களை இழந்த கோட்டை, மாளிகை போனபின்னும் நின்றது.

1935-இல் பதின்மூன்றாம் ஹோம் ஏர்ல் கோட்டையை அரசின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். அவர் மூத்த மகன் அலெக் டக்ளஸ்-ஹோம் 1963-ஆம் ஆண்டிலும் 1964-ஆம் ஆண்டிலும் பிரிட்டனின் தலைமை அமைச்சராக இருந்தவர். இன்று ஸ்காட்லாந்து அரசின் வரலாற்றுச் சின்னத் துறை அமைப்பு அதைப் பேணி வருகின்றது. வடக்குப் புல்வெளியில் எழாத தலைவாயிலின் அடித்தளத்தைத் தாண்டித்தான் கோட்டைக்குள் செல்ல வேண்டும். உள்ளே பாதிக் கோபுரத்தின் சுவரில், எட்டுப்பட்டை அறையின் சில பட்டைகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. எஞ்சாதவற்றின் கீழே கிளைடு ஆறு ஓடுகின்றது.